வட்டத்துக்குள் ஒன்று

மேகம் துரத்துகிறவர்கள் எந்நேரமும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. மங்கையர்க்கரசி பதினோரு ஐப்பசியாக அந்த வேலையைத்தான் செய்கிறாள். அவள் அதிகம் பார்த்தது தரையைத்தான். மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல மேலே செயற்கைக்கோள் இருக்கிறது, திருச்சியில் கணினி இருக்கிறது. அதை எங்கே இறக்குவது, இறக்குகிற இடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லத்தான் வாரியம் அவளுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

கடல் சூடேறிப்போன பிறகு வந்த வினை இது. முன்பெல்லாம் ஐப்பசி என்றால் நசநசவென்று நாலு நாள் மழை, வெளியே துணி காயாது, அவ்வளவுதான். இப்போது கல்வராயன் மலைச் சரிவில் மத்தியானம் ஒரு மேகம் கறுத்துத் திரண்டால், மூன்று மணிக்குள் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து, தன்னைத் தானே சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சுழல்மேகம் என்று அதற்குப் பெயர். அதன் அடியிலிருந்து கொம்பு ஒன்று இறங்கித் தரையைத் தொட்டால், கூரை வீடு, மாடி வீடு என்ற பாகுபாடெல்லாம் பார்க்காது. முதல் வருடம் ஒரு பேருந்து நிலையத்தில் நாற்பது பேர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அரசாங்கத்துக்கு விழிப்பு வந்து, தணிப்பு வாரியம் பிறந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு, வேப்பூர் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் வாரியத்தின் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆலங்கட்டி மழைக்குத் தாங்கும்படி கூரைமேல் இரும்புக் கூண்டு போட்ட வண்டி. பார்க்க நாய் பிடிக்கிற வண்டி மாதிரியே இருக்கும். சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேற்கே வானம் மை கொட்டினது போல இருந்தது. முதல் இடி உறுமியதும் டீக்கடைக்காரர் டி.வி.யை நிறுத்தினார், சொருகியிருந்த வயரைப் பிடுங்கினார், சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அணைத்துக் கல்லாவுக்குள் போட்டார். எல்லாம் ஒரே மூச்சில், சாமி கும்பிடுகிற பழக்கம் போல நடந்தது.

டிரைவர் சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா அரசிம்மா, உங்க மகிமைய. எங்க வீட்டுல நான் சொல்லி ஒரு விஷயம் நடந்ததில்ல. உங்க குரல் ரேடியோவுல ஒரு தடவை சொன்னா போதும், மெயின் சுவிட்சையே எறக்கிடறா."

அவர் கேலி செய்தது நியாயம்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் வாரியத்துக்கு ஒரு எச்சரிக்கை அறிவிப்பு தேவைப்பட்டது. ஒலிப்பதிவுக்கு வர வேண்டியவர் வரவில்லை என்று, தொண்டை நன்றாக இருக்கிற மங்கையர்க்கரசியைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். 'இடி மின்னல் நேரத்தில் திறந்தவெளியில் நிற்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். செல்போனை அணைத்து வையுங்கள்.' மூன்றே வாக்கியம். மூன்றாவது வாக்கியத்துக்கு விஞ்ஞானத்தில் பெரிய ஆதாரம் இல்லை என்று அவள் அப்போதே சொன்னாள். சொல்வதில் தப்பில்லையே, ஜனங்கள் எப்படியும் அதைத்தானே நம்புகிறார்கள் என்றார் மேலதிகாரி. அன்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகை முழுக்க அவள் குரல் தமிழ்நாட்டின் சந்து பொந்தெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கே சில நேரம் பெருமையாக இருக்கும்.

சவரிமுத்துவின் மகள் விருத்தாசலம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். கடைவீதியில் இன்று மூச்சுவிட இடமிருக்காது என்று சொல்லிக்கொண்டே அவர் மகளுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "அங்கயும் இடி கேட்டுடுச்சு போல," என்று சொல்லி, டீயைக் குடித்தார்.

அப்போதுதான் அந்த ஆள் தன் பழைய மொபெட்டைக் கூண்டு வண்டிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தான். நாற்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்து கறுத்த உடம்பு. பேர் எல்லப்பன், செய்யாறு பக்கம், வாத்து மேய்க்கிறவன் என்று தானே சொல்லிக்கொண்டான். பிறகு, மேய்த்தவன் என்று திருத்திக்கொண்டான். பையிலிருந்து கண்ணாடிக் காகிதம் ஒட்டிய ஒரு கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

வாரியத்தின் கடிதம். சென்ற ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி, ஆலங்குழி கிராம எல்லையில், சுழல்மேகம் இறக்கப்பட்ட இடத்தில் நான்கு பேர் இறந்ததாக அளிக்கப்பட்ட மனு பரிசீலிக்கப்பட்டது. சம்பவ நேரத்தில் மேற்படி இடத்தில் மனித நடமாட்டம் இல்லை என்பது பதிவுகளின்படி உறுதியாகிறது. எனவே இறப்புகள் இயற்கையான மின்னல் தாக்குதலாகக் கருதப்படும். கீழே, களச் சரிபார்ப்பு என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

"என் பொண்டாட்டி, என் தம்பி, அவன் சம்சாரம், அவங்க கொழந்த," என்றான் எல்லப்பன். குரலில் கோபம் இல்லை. "நான் அரிசி வாங்க ஊருக்குள்ள போயிருந்தேன். நஷ்ட ஈடு கேக்க வரல மேடம். ஒரே ஒரு கேள்வி. ஒரு வருசமா உங்க வண்டியத் தேடிக்கினு இருக்கேன். அந்த நேரத்துல எங்க ஜனங்கள நீங்க பாத்தீங்களா, பாக்கலியா?"

மங்கையர்க்கரசிக்கு ஆலங்குழி ஞாபகம் இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி முன்னால் மழை நின்றது. அந்தப் பக்கம் யானை நின்றாலும் தெரியாது. திரையில் பூஜ்யம் காட்டியது. அவள் மழையைப் பார்த்துக்கொண்டு 'காலி' என்று சொன்னாள். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை சொன்ன மாதிரிதான் அன்றும் சொன்னாள்.

"பாக்கல," என்றாள். "அங்க யாரும் இல்லன்னு மெஷின் சொல்லிச்சு."

அவன் தலையை ஆட்டினான். வேறு ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் கூரைமேல் கல் விழுகிற சத்தம் கேட்டது. நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டிகள். அதே நேரத்தில் வண்டிக்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. திருச்சிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நௌஷாத். "அரசிக்கா, மேகம் திரும்பிடுச்சு. நேரா விருத்தாசலத்தைப் பாத்து வருது. கிளம்புங்க."

வெளியாளை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது விதி. ஆனால் ஆலங்கட்டி மழையில் ஒருவனைத் தகரக் கொட்டகைக்கடியில் விட்டுவிட்டு வர சவரிமுத்துவுக்கு மனசு வரவில்லை. பின் கதவைத் திறந்துவிட்டார். வெளியாள் போன் உள்ளே இருந்தால் கருவிகள் குழம்பும் என்பதால், எல்லப்பனின் போனை வாங்கி இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடினாள் மங்கையர்க்கரசி. போன் உயிரோடு இருந்தது. இடி இப்படி இடிக்கும்போது அணைக்காத போனை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. பின்னாலிருந்து எல்லப்பன் கேட்டான், மேகத்தை எப்படி இறக்குவீர்கள் என்று. வருடம் முழுக்க எத்தனையோ ஆபீஸ் படி ஏறியும் யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லையாம். அவள் சொன்னாள். சுழல்மேகத்துக்குள் காற்று கீழேயிருந்து மேலே அசுர வேகத்தில் ஏறுகிறது. லட்சக்கணக்கான குடம் தண்ணீரையும் பனிக்கட்டியையும் அந்தக் காற்றுதான் கை மாதிரி தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பருந்து என்று வாரியம் பெயர் வைத்த நாலு ஆளில்லா விமானங்கள் போய் ஒரு தூளைத் தூவினால் அந்தக் கை தளர்ந்துவிடும். கொம்பு இறங்காது, சுழற்சி நின்றுவிடும்.

"அப்ப மேல இருக்கற தண்ணி?"

"ஒரே எடத்துல விழும். குளிர்ந்த காத்தோட சேந்து. ஒரு கிலோமீட்டர் வட்டம். அதுக்குள்ள எதுவும் நிக்காது. அதனாலதான் ஆளில்லாத எடமா பாத்து இறக்கறோம்."

"ஆளில்லன்னு எப்படித் தெரியும்?"

"போன வெச்சுத்தான். எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கே. பக்கத்துக் கோபுரத்தோட அது பேசிக்கிட்டே இருக்கும். ஒரு வட்டத்துக்குள்ள எத்தன போன் உயிரோட இருக்குன்னு மெஷின் எண்ணும். பூஜ்யம்னு வந்தா நான் காலின்னு சொல்லணும். சொன்னா இறக்கிடும்."

எல்லப்பன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். கூண்டின் மேல் ஆலங்கட்டி தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"எங்ககிட்ட ரெண்டு போன் இருந்துச்சு மேடம்," என்றான் மெதுவாக. "ஒரு அடுப்புக்கு ஒரு போன். ஆனா இடி இடிச்சா அணைச்சிடுவோம். எந்தூர்ல இருந்தாலும் மொதல்ல அதத்தான் செய்வோம். ரேடியோவுல ஒரு அம்மா சொல்லுது இல்ல, அதுக்கு. அணைச்சும் செத்துட்டாங்களே, அதுலேந்து நான் மட்டும் அணைக்கறதே இல்ல."

சவரிமுத்துவின் கண்கள் கண்ணாடியில் அவளைத் தேடின. அவள் பார்க்கவில்லை. திறந்தவெளியில் நிற்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மூன்றாவது வாக்கியத்தை அந்தக் கண்ணாடி அறையில் மூன்று தடவை எடுத்தார்கள்; இன்னும் கொஞ்சம் கனிவாகச் சொல்லுங்கள் மேடம், ஜனங்கள் கேட்க வேண்டுமே என்றார் ஒலிப்பதிவாளர். கனிவாகத்தான் சொன்னாள். ஜனங்களும் கேட்டார்கள். இடி இடித்ததும் காட்டில், வயலில் இருக்கிறவன் போனை அணைத்தான். அணைத்தவனை மெஷின் இல்லை என்றது. இல்லை என்று மெஷின் சொன்னதை இவள் காலி என்றாள். ஆலங்குழி மட்டும்தானா? இத்தனை வருடத்தில் நாற்பத்தோரு இடம்.

வயர்லெஸ்ஸை எடுத்தாள். "நௌஷாத், இன்னிக்கு எந்த வட்டம்?"

நரியன் ஓடைக்குத் தெற்கே அறுப்பு முடிந்த வயல்வெளி என்றான் அவன். பூஜ்யம் காட்டுகிறது, பிரச்சினை இல்லை, இருபத்தாறு நிமிடத்தில் மேகம் அங்கே வரும், அதைத் தாண்டவிட்டால் ஆறு கிலோமீட்டரில் விருத்தாசலம்.

"இப்ப இருக்கற கணக்கு வேண்டாம். காலையில எவ்வளவு இருந்துச்சு? இடி வர்றதுக்கு முன்னாடி. பதினோரு மணிக்கு எடுத்துப் பாரு."

எதற்கு என்று அவன் கேட்டான். எடு என்றாள். விசைகள் தட்டப்படும் சத்தம். பிறகு அவன் குரல் மாறியிருந்தது. "ஏழு."

"அந்த ஏழும் எங்க போச்சு?"

"எங்கயும் போகலக்கா. அதே எடத்துல ஒண்ணு ஒண்ணா அணைஞ்சிருக்கு. ரெண்டு நாப்பதுக்குக் கடைசி." அவன் மூச்சு விடுவது கேட்டது. "அல்லா... இத்தன வருசமா யாரும் இதப் பாக்கலியே."

வேறு வட்டம் பார்க்கச் சொன்னாள். பார்த்தான். வடக்கே செங்கல் சூளைகள், காலைக் கணக்கு அறுபத்தி நாலு. கிழக்கே ஒரு பொறியியல் கல்லூரி. தெற்கே ரயில் பாதை, கூட்டம் பிதுங்குகிற தீபாவளி ரயில் வந்துகொண்டிருக்கிறது. "ஏழுன்னு நானே போட்டுப் பாத்தாலும் மெஷின் அதே எடத்தைத்தான்கா காட்டுது. இருக்கறதுலயே அதுதான் கம்மி."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் பிழைத்துவிடுவார்கள் என்று, இரண்டு நிமிடமாக, குழந்தைத்தனமாக நம்பிக்கொண்டிருந்தாள். தப்பு சரியானதும் மேகம் அதே தலைகள்மேல்தான் வந்து நின்றது. போன் பண்ணி ஓடச் சொல்லவும் வழியில்லை. ஏழும் அணைந்து கிடந்தன.

"வாத்துக்காரங்கதான்," என்றான் எல்லப்பன். எழுந்து முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "அறுத்த வயலுக்கு இந்த மாசம் வேற எவன் வருவான். ஏழு போன்னா இருபது தலையாச்சும் இருக்கும். ஓடைக்கரையில மோட்டார் கொட்டாய் ஒண்ணு இருக்கு, கான்கிரீட்டு. நாங்களும் அங்க தங்கியிருக்கோம். வழி எனக்குத் தெரியும்."

மோட்டார் கொட்டகை வட்டத்துக்கு நூறு மீட்டர் வெளியே இருப்பதாகத் திரை காட்டியது. சவரிமுத்து யாரையும் கேட்காமல் வண்டியை மண் சாலையில் இறக்கினார்.

வயலில் நீலத் தார்ப்பாய் போட்ட ஆறேழு கூடாரங்கள் இருந்தன. வாரியத்தின் வண்டியைப் பார்த்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இந்த வண்டி வந்த இடம் உருப்படாது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது, அதில் பொய்யும் இல்லை. எல்லப்பன் கத்திப் பார்த்தான். ஒருவர் வரவில்லை. கூடாரத்துக்குள் குந்தியிருப்பதை விட்டுவிட்டு, இந்த இடியில், திறந்தவெளியில் எவன் ஓடுவான்?

மங்கையர்க்கரசி இறங்கி நின்றாள். மேற்கே மேகத்தின் அடிவயிறு தெரிந்தது. உரலில் மாவு திரும்புவது போல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கத்தினால் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வண்டியின் ஒலிபெருக்கியை எடுத்து, அந்தக் கண்ணாடி அறையில் பேசிய மாதிரியே, நிறுத்தி, கனிவாகப் பேசினாள். திறந்தவெளியில் நிற்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். ஓடைக்கரை மோட்டார் கொட்டகைக்கு வாருங்கள். வண்டியில் ஏறுங்கள்.

முதல் கூடாரத்திலிருந்து காசியம்மா என்ற பெரிய மனுஷி தலையை நீட்டினாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி என்பது பிறகு தெரிந்தது. "யாரது, ரேடியோக்காரம்மாவா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி ஒரு அதட்டல் போட்டாள். "ஏய், எழுந்துருங்கடி. அந்தம்மாவே வந்துக்குது."

அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. இரண்டே நடையில் சவரிமுத்து எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்துக்குப் பத்து கொட்டகை, பம்பு செட்டின் எண்ணெய் வாடை, ஈரத் துணி, பிள்ளைகள் அழுகை. மங்கையர்க்கரசி கதவருகே நின்று தலைகளை எண்ணினாள். பத்தொன்பது. காசியம்மாவும் எண்ணினாள், விரலால் தொட்டுத் தொட்டு. எண்ணி முடித்ததும் அவள் முகம் கோணியது.

"வெண்ணிலா வரல. வாத்தண்ட கீறா."

இடி இடித்தால் வாத்துகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் யாராவது ஒருவர் மந்தைக்கு நடுவில் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். இன்று முறை வெண்ணிலாவுக்கு, இந்தத் தையில் கல்யாணமாகி வந்தவள். மந்தை வயலின் அந்தக் கோடியில், ஓடைச் சரிவுக்கு அப்பால் இருந்தது. வட்டத்துக்கு நட்ட நடுவில். அவள் புருஷன் எழுந்தான். அவன் இடுப்பில் குழந்தை மாதிரி தொற்றிக்கொண்டிருந்த அவன் தாயார் விடவில்லை.

"போன வருசம் என் பொண்டாட்டி சிவகாமி முறை," என்றான் எல்லப்பன், யாரிடமும் சொல்லாத மாதிரி. வண்டியின் பின் கதவைத் திறந்து, இரும்புப் பெட்டியிலிருந்து தன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். வண்டி அந்தச் சேற்றில் போகாது என்றார் சவரிமுத்து. ஆமாம் என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். எட்டு பத்து அடியில் மழை அவனை மூடிக்கொண்டது.

"அரசிக்கா," என்றான் நௌஷாத், அவள் கையிலிருந்த வயர்லெஸ்ஸில். "நாலு நிமிசம். பருந்து நாலும் நிலைக்கு வந்துடுச்சு. கொம்பு இறங்க ஆரம்பிச்சிடுச்சு, கேமராவுல தெரியுது. எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"ரெண்டு பேர் வரணும். இரு."

இருந்தான். அவள் கைத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீல வட்டம். அதற்குள் பூஜ்யம். வெண்ணிலாவின் இடுப்பில் அணைந்த போன் ஒன்று செருகியிருக்கும். வட்டத்துக்கு அவள் இல்லாதவள்தான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது பூஜ்யம் மறைந்து, ஒன்று என்று வந்தது.

பதினோரு வருடத்தில், இடிக்குக் கீழே, வட்டத்துக்குள் அவள் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. ஒரு வருடமாக அணையாத ஒரே போன். சின்ன வெள்ளைப் புள்ளியாக அது நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு காட்டுது," என்றான் நௌஷாத். "யாரு அது?"

அவள் கதவு வழியே மழையைப் பார்த்தாள்.

"பூஜ்யம் இல்லன்னா மெஷின் தானா இறக்காது. தெரியும்ல? ஆளில்லாம போன் மட்டும் கெடக்குதுன்னு நீங்க கண்ணால பாத்துச் சொன்னாத்தான் எடுத்துக்கும். உங்க குரல்ல சொல்லணும். ரெண்டு நிமிசம் இருக்கு." பிறகு, கெஞ்சுகிற மாதிரி, "கடைவீதியில இப்ப எவ்வளவு பேருன்னு சொல்லவா?"

"வேண்டாம்."

சவரிமுத்து கதவுக்கு அந்தப் பக்கம், மழையில் நனைந்துகொண்டு நின்றார். கையில் போனை வைத்திருந்தார். மகள் எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார் போல. அவளைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்மேல் கோபப்படவாவது அவளால் முடிந்திருக்கும்.

புள்ளி நடுவில் போய் நின்றது. பிறகு திரும்பியது. இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. ஓடுகிறான். ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் எவ்வளவு வேகம் ஓட முடியுமோ அவ்வளவு. மங்கையர்க்கரசி மனசுக்குள் கணக்குப் போட்டாள். எப்படிப் போட்டாலும் முந்நூறு மீட்டர் பாக்கி இருந்தது.

"முப்பது செகண்டு," என்றான் நௌஷாத். "அக்கா."

கொட்டகைக்குள் பத்தொன்பது பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோக்காரம்மா ஏதாவது சொல்வாள் என்று. சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று.

வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே தாங்க முடியாத வெறுப்பாக இருந்தது.

"போன் மட்டும்தான் கெடக்கு," என்றாள். "காலி."

மேலே எதுவும் கேட்கவில்லை. முதலில் எப்போதும் அப்படித்தான், ஏழெட்டு செகண்டு ஒன்றுமே இருக்காது. பிறகு வானம் கழன்று விழுந்தது. கொட்டகையின் கதவு பிய்த்துக்கொண்டு போனது. சவரிமுத்துவை யாரோ உள்ளே இழுத்துப் போட்டார்கள். வெள்ளை இருட்டு ஒன்று வந்து கண்ணை மறைத்தது. பக்கத்தில் இருப்பவள் கத்துவது வாய் அசைவில்தான் தெரிந்தது. கைத்திரை மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒன்று. ஒன்று. அப்புறம் வெறும் வட்டம்.

பதினைந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. கொம்பு பாதியில் கலைந்துவிட்டது, விருத்தாசலத்தில் நல்ல மழை, அவ்வளவுதான் என்றான் நௌஷாத். அழுதுகொண்டிருந்தான். சவரிமுத்துவின் போன் அடித்தது. மகள். மழையில் கடைக்குள் கூட்டம் ஒதுங்கி வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறதாம், ஏன் இத்தனை தடவை கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். சும்மாதான் பாப்பா என்றார் அவர். அந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

வயல் இல்லை. நீலத் தார்ப்பாய் இல்லை. வெள்ளைத் தண்ணீரும் பனிக்கட்டியும் செத்த வாத்துகளுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. வெண்ணிலாவின் புருஷன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். மங்கையர்க்கரசி அவன் பின்னால் இறங்கினாள்.

ஓடையின் சிமென்ட் மடைக்கு அடியில்தான் இருந்தார்கள். நேரம் போதாது என்று தெரிந்ததும், ஓடுவதை விட்டுவிட்டு, அவளைக் குழாய்க்குள் தள்ளி, வாயை அடைத்த மாதிரி எல்லப்பன் குப்புறப் படுத்திருந்தான். வெண்ணிலாவுக்கு நடுக்கம்தான், காயம் இல்லை. அவன் முதுகில் சட்டை இல்லை, தோலும் பாதி இல்லை. இடது கை தப்பான திசையில் தொங்கியது. ஆனால் மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான். நாலு பேர் சேர்ந்து கரையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது என்று சவரிமுத்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மங்கையர்க்கரசி அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவன்தான் முதலில் பேசினான்.

"இந்தத் தடவை என்னப் பாத்தீங்களா மேடம்?"

பொய் சொல்ல அவளால் முடிந்திருக்கும். மழை மறைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாரியத்தின் பதிவிலும் அதுதான் ஏறப்போகிறது.

"பாத்தேன்," என்றாள். "ஒண்ணுன்னு காட்டுச்சு. நீங்கதான்னு தெரியும். தெரிஞ்சுதான் காலின்னு சொன்னேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள், அல்லது அழுவான் என்று. இரண்டும் இல்லை. அவளுக்கு அப்பால், விருத்தாசலம் இருக்கிற திசையில், வெளிறிக்கொண்டிருந்த வானத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு நல்ல கையால் சட்டைப் பையைத் தேடினான். கிழிந்த துணியோடு அது அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. நனைந்து, மூலையில் விரிசல் விட்ட போன். சிக்னல் திரும்பியதும் அதில் மெல்ல வெளிச்சம் வந்தது.

எல்லப்பன் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். கட்டை விரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்து, ஒரு வருடமாக அணைக்காத அந்தப் போனை அணைத்தான்.